உதவிப் பக்கத்தை வாசித்தவர்

கடலூரில் ஒரு ரத்த வங்கியில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களெல்லாம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளில் இருந்தன. புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் தேடல் நின்றுபோனது. அதன் உதவிப் பக்கமோ புதியதில் திறக்கவே இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாம் செத்த இணைப்புகள். மறுநாள் ஒரு பிரசவ ஆபரேஷனுக்கு அரிய வகை ரத்தம் வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதே மென்பொருள் ஓடும் பழைய மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.

அங்கிருந்த டீச்சர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். உட்காரவே மாட்டார். நடந்துகொண்டே முந்தானை நுனியை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார். அவர் எஃப் ஒன் கீயைத் தட்டியதும் உதவிப் பக்கம் திறந்தது. அவர் நின்றபடியே வாசிக்க, நான் செல்போனில் கடலூர் ரத்த வங்கியில் இருந்தவருக்குச் சொன்னேன். அவர் அதன்படி இன்டெக்ஸை, அதாவது தேடலுக்கான அட்டவணையை, புதிதாகப் போட்டதும் தேடல் ஓடியது. அந்த அரிய வகை ரத்தமுள்ள புவனகிரிக்காரர் ஒருவரின் பெயர் கிடைத்தது; போன் செய்ததும் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

நான் கிளம்பும்போதுதான் டீச்சர் உட்கார்ந்தார்.

"ஒங்க லிஸ்ட்டுல எங்க வூட்டுக்காரரு பேரும் இருக்கு சார். அவரு தவறி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் ரத்தம் கேட்டு போன் வருது."

பதறிப்போனேன். "மன்னிச்சிடுங்க மேடம். இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

"வேணாம் சார்," என்றார் அவசரமாக. "அவரக் கேட்டு இப்ப வேற யாரு போன் பண்றாங்க? இருக்கட்டும்."

நான் எடுக்கவில்லை. ஆனால் அவர் கணவரின் பெயர் திரையில் வரும்போதெல்லாம், கூப்பிடுவதா தாண்டிப்போவதா என்று தெரியாமல் என் கை போன் மேலேயே நின்றுவிடும்.