சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் அத்தானுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவார். மற்றபடி தெருவுக்கெல்லாம் அவர் ‘பாதிவிலை’. எந்தப் பொருளுக்கு யார் என்ன விலை சொன்னாலும் அதில் சரிபாதியைத்தான் முதலில் கேட்பார். கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, கை ஜாடையில் டாக்டரிடம் பாதி கேட்டவர் அவர். பிடுங்கி முடித்த பிறகு கேட்டார் என்பதுதான் டாக்டருக்கு வருத்தம்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சட்டைக்கு மணிக்கணக்கில் பேசி வாங்குவார். வரும் வழியில் யாராவது நன்றாக இருக்கிறது என்றால் அதைக் கொடுத்தும் விடுவார். அவருக்கு வேண்டியது பணமில்லை. கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, எடுத்துக்குங்க” என்று சொல்ல வேண்டும். அந்தப் பெருமூச்சைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஊருக்கே தெரிந்து அவருக்கு மட்டும் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருந்தது. அவர் தலை தெரிந்ததும் எல்லோரும் விலையை இரண்டு மடங்காக்கிவிடுவார்கள். காய்கறிக்காரர் முதல் தையல்காரர் வரை இதுதான் வழக்கம். அத்தான் பாதியாகக் குறைப்பார், அவர்கள் பெருமூச்சு விடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. பல் டாக்டர்கூட இரண்டாவது பல்லுக்குள் பாடம் கற்றுக்கொண்டார். நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவன். அத்தான் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தபோது நானும் அதையேதான் செய்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நான் வெறும் மச்சினன்தானே.

அவருடைய பட்டறையில் ஒரு லேத், கையால் சுற்றி ஓட்டும் ஒரு மில்லிங் மெஷின், ஜன்னலோரம் ஒரு மேசை. அந்த மேசையில் என் அக்கா உட்கார்ந்து, வெட்டி வரும் ஒவ்வொரு துண்டையும் மைக்ரோமீட்டரால் அளப்பாள். தேறாததைத் தகர டப்பாவில் போடுவாள். துண்டு விழுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளிடம் பேசலாமா கூடாதா என்று அத்தான் முடிவு செய்துகொள்வார். இருவரும் நம்பியிருந்தது ஒரே ஒரு பம்ப் கம்பெனியின் ஆர்டரை.

ஒரு நாள் அந்தக் கம்பெனி மேனேஜர் வந்தார். இனிமேல் எல்லாத் துண்டும் சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே நகர்ந்து வெட்டுகிற மெஷினில்தான் செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குள் சாம்பிள் வராவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்றார்.

“பாதித் துண்டை மட்டும் அதுல வெட்டினா போதாதுங்களா?” என்று பழக்க தோஷத்தில் அத்தான் கேட்டுப் பார்த்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

புதிய மெஷின் நினைத்துப் பார்க்கவே முடியாத விலை. விசாரித்ததில், வேறொரு ஊரில் ஒருவர் பட்டறையை மூடப்போகிறார், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின் ஒன்றை விற்கிறார் என்று தெரிந்தது. அத்தான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

“இந்த ஒரு தடவை கேட்ட வெலையக் குடுத்து வாங்கிட்டு வாங்க. வேல போயிடுச்சுன்னா நாம எங்க போறது?”

“கேட்ட வெலையக் குடுக்கறதுக்கு நான் எதுக்கு? உன் தம்பி கையில பணத்தக் குடுத்து அனுப்பினா போதுமே,” என்று என்னைக் காட்டினார் அத்தான். அப்படி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விற்கிறவர் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே மெஷினை வைத்துப் பிழைத்தவர். அதனால் அவரை ஒற்றை மெஷின்காரர் என்றே சொல்கிறேன். அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டதாம். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி, அழுத்தித் தேய்த்த சட்டை. நானும் அத்தானுமாகப் போய் மெஷினைத் தொட்டுப் பார்த்தோம், சில்லென்று இருந்தது.

“நீங்க வந்த பிறகு ஓட்டிக் காட்டலாம்னு விட்டு வெச்சேன். முன்னாடியே சூடாக்கி வெச்சா உள்ள இருக்கற சத்தம் உங்களுக்குத் தெரியாது,” என்றார் அவர். ஓட்டினார். கேட்டோம். பிறகு அவரே, “மேசையோட இடது கோடி கொஞ்சம் தேஞ்சிருக்கு. அங்க நுணுக்கமான வேலை வெக்காதீங்க,” என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். குறையைக் கண்டுபிடித்து விலையை இறக்குவது அவர் தொழில். விற்கிறவரே குறையைச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வார்?

ஒற்றை மெஷின்காரர் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் நீளமாக ஒரு கோடு கிழித்தார். “பின்னால பேச்சு வரக்கூடாது பாருங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது எல்லாம் மெஷினோட வரும்,” என்றார். மெஷினோடு சேர்த்து இந்தப் பக்கம், துண்டை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், வெட்டும் கருவிகளைப் பிடிக்கிற ஹோல்டர்கள், ஸ்டெபிலைசர், மஞ்சள் பூத்துப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று எல்லாம் இருந்தன. கடைசியில் அவரும் போய் அதே பக்கம் நின்றுகொண்டார். “நானும் வந்து மெஷினை நிறுத்திக் குடுத்து, ஒரு மாசம் கூட இருந்து ஓட்டக் கத்துக் குடுப்பேன்,” என்றார். பிறகு விலையைச் சொன்னார்.

விசாரித்துக்கொண்டு போயிருந்ததால் எனக்குத் தெரியும், அது நியாயமான விலை. இந்த மனிதர் வேற்றூர்க்காரர், அத்தானைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவர். இரண்டு மடங்கு சொல்ல வேண்டும் என்று பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“பாதி,” என்றார் அத்தான். கூரையைப் பார்த்தார்.

ஒற்றை மெஷின்காரர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். “கட்டாதுங்க. வேணும்னா ஒண்ணொண்ணா எடுத்துட்டுக் குறைக்கறேன்,” என்றார்.

“முதல்ல அந்தக் கம்ப்யூட்டரை எடுங்க. குப்பைக்கெல்லாம் காசு குடுக்க முடியாது.”

அவர் அதைத் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தார். கொஞ்சம் விலை குறைந்தது. அத்தானுக்கு முகம் மலர்ந்தது. அடுத்து வைஸ் போயிற்று. ஹோல்டர்கள் போயின. ஸ்டெபிலைசரை நகர்த்த நானே ஒரு கை பிடித்தேன். அப்படியும் பாதி வரவில்லை. இந்தப் பக்கம் மெஷினும் அதன் சொந்தக்காரரும்தான் மிச்சம்.

“நானும் போகணுமா?” என்று கேட்டார் அவர்.

“எங்க ஊர்ல ஆளா இல்ல?” என்றார் அத்தான்.

அவர் கோட்டைத் தாண்டிப் போய் வைஸுக்குப் பக்கத்தில் நின்றார். “சரி,” என்றார். அவ்வளவுதான். பெருமூச்சு இல்லை.

மெஷினின் பின்புறம் இருந்த சின்னப் பெட்டியைத் தட்டி, இது என்ன என்று கேட்டார் அத்தான். உள்ளே மூன்று பெரிய டார்ச் செல் இருந்தது. “அதுக்கும் குறைச்சுக்கலாமே, செல் எங்கிட்டயே இருக்கு.”

“அதை மட்டும் எடுக்காதீங்க. சும்மாவே தர்றேன். ஏன்னா அது—”

“போதும் போதும். விளக்கம் குடுத்துட்டு அதுக்குத் தனியா வெலை சொல்வீங்க,” என்று சிரித்தார் அத்தான். அவரும் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் அத்தான் ஒரே ஒரு குறைதான் பட்டுக்கொண்டார். “பெருமூச்சே விடலையே மாப்ளே. இன்னும் குறைச்சிருக்கலாமோ?”

யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்கு மல்லுக்கு நிற்பானா என்று கேட்பார்கள். எங்கள் அத்தான் யானையை வாங்கிக்கொண்டு அங்குசத்தையும் பாகனையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஊருக்குள் வண்டி நுழைந்தபோது, பாதி விலை, பாதி விலை என்று வழியில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் பழக்கத்தில் தலையாட்டினார்கள். இந்தத் தடவை அது நிஜம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மெஷினைப் பட்டறையில் இறக்கி, அதன் அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் திருகிச் சமமாக நிறுத்த வேண்டியிருந்தது. அடியில் ஒரே இருட்டு. அத்தானின் டார்ச் எரியவில்லை. “சும்மா வந்த செல் இருக்கே,” என்று பெட்டியைத் திறந்து மூன்றையும் உருவி டார்ச்சில் போட்டார். பளிச்சென்று எரிந்தது. நல்ல செல், வீண் போகவில்லை என்று மெச்சிக்கொண்டார்.

மின்சாரம் கொடுத்ததும் மெஷினின் திரையில் அலாரம் எழுத்துகள் வரிசையாக வந்தன. ஒன்றை அழித்தால் இரண்டு வந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மேசை ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மெஷின் கம்பெனியின் சர்வீஸ்காரரை வரவழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், அத்தான் கையில் இருந்த டார்ச்சையும் பார்த்தார்.

“அந்த செல்தான் மெஷினுக்கு நெனைவு. உருவின உடனே எல்லாம் அழிஞ்சுடுச்சு. பழைய மாடல், திரும்ப ஏத்தறதுக்கு எங்க ஆபீஸ்ல தேடி எடுக்கணும். அடுத்த மாசம் ஆகும்.” செலவையும் சொன்னார்.

“பாதி,” என்றார் அத்தான், குரலே எழும்பாமல்.

சர்வீஸ்காரர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார். கம்பெனி விலைக்குப் பெருமூச்சு கிடையாது.

அன்றைக்கு ஜன்னலோர மேசையில் அளக்க ஒன்றுமில்லை. அக்கா வெறும் மைக்ரோமீட்டரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அத்தான் தாங்கியிருப்பார். “ஆர்டர் போனா லேத்தையும் வித்துடலாம். நீங்க வேற எங்கயாவது வேலைக்குப் போகலாம்,” என்று மட்டும் சொன்னாள். அத்தானுக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் இருந்த பணத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மூவருமாக அந்த ஊருக்குப் போனோம். பட்டறை காலியாக இருந்தது. மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. கோடு அழியாமல் அப்படியே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் எல்லாப் பொருளும் வைத்தது வைத்தபடி. நடுவில் ஒரு ஸ்டூலில் ஒற்றை மெஷின்காரர். மெஷின் இல்லாமல் அந்த ஹோல்டர்களை யார் வாங்குவார்கள்? அவரையும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அத்தான் நடந்ததைச் சொன்னார். செல் விஷயத்தையும் மறைக்கவில்லை. ஒற்றை மெஷின்காரர் மஞ்சள் கம்ப்யூட்டரைக் காட்டினார். “பயப்படாதீங்க. மெஷினோட நெனைவு மொத்தத்துக்கும் இதுல ஒரு நகல் வெச்சிருக்கேன். ஏத்தினா நாளைக்கே ஓடும்.”

“கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறது எல்லாத்துக்கும் என்ன வெலை? உங்களையும் சேர்த்து,” என்று கேட்டார் அத்தான்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு விலை சொன்னார். நாங்கள் கொண்டுவந்திருந்த பணம் முழுவதும் போய்விடும். அத்தான் வாயைத் திறந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“சரிங்க,” என்றார் அத்தான்.

“சரியா?” ஒற்றை மெஷின்காரர் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார்.

“நீங்க கேட்டதுதான். குடுத்துடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இல்லீங்க, மன்னிச்சுக்குங்க. போன தடவை நியாயமா சொல்லி ஏமாந்துட்டேன். எப்படியும் பாதிதான் கேப்பீங்கன்னு இந்தத் தடவை உங்களுக்காக ரெண்டு மடங்கா சொல்லிட்டேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல. பாதி குடுங்க, போதும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்காமலே கிடைத்த பாதி விலை. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

“எனக்காக ரெண்டு மடங்கா?” என்று மெதுவாகச் சொன்னவர், எங்கள் பக்கம் திரும்பினார். நான் கூரையைப் பார்த்தேன். “நம்ம காய்காரரும் அப்படித்தானா?”

“ம்,” என்றாள் அக்கா.

“டெய்லரு?”

“ம்.”

“பல் டாக்டர்?”

“ரெண்டாவது பல்லுல இருந்து,” என்றேன் நான்.

அத்தான் வைஸின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “நீ?”

“வீட்டுச் செலவுக்குக் கேக்கறப்ப நானும் அப்படித்தாங்க. கல்யாணமான புதுசுல இருந்தே.”

“அப்ப அந்தப் பெருமூச்சு?”

“அது உங்களுக்குப் பிடிக்கும்னு விடறதுங்க.”

அத்தான் ஒற்றை மெஷின்காரரைப் பார்த்தார். “நெசமா பாதி வெலைக்கு வித்தவர் இவர் ஒருத்தர்தான். இவர் பெருமூச்சு விடவே இல்ல,” என்றார். சொன்னபோது அவர் குரல் உடைந்தது. பணத்தை எண்ணி வைத்தார். போன தடவை குறைத்ததும் இதுவும் சரியாக இருந்தது. அன்றைக்குக் கொடுத்ததோடு இதைக் கூட்டினால் முதல் நாள் அவர் கேட்ட அதே விலை. பிறகு அத்தான் எழுந்து, அந்தக் குப்பைக் கம்ப்யூட்டரை யாரிடமும் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ஒற்றை மெஷின்காரர் அவர் பின்னால் வந்தார்.

சாம்பிள் தேறியது, ஆர்டர் நின்றது. ஒரு மாதத்துக்கென்று வந்தவர் இன்னும் அதே மெஷின் முன்னால்தான் நிற்கிறார். சம்பளத்தை அவர் சொல்ல, அத்தான் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். கடைத்தெருவில் மட்டும் அத்தான் இப்போதும் பாதிதான் கேட்கிறார். ஆனால் யாராவது பெருமூச்சு விட்டால் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். காய்கறிக்காரர் இப்போதெல்லாம் மூச்சையே அடக்கிக்கொண்டுதான் எடை போடுகிறார்.