முறைப்பாடே வராத சந்து

நகர சேவைகளுக்குப் புள்ளி போடுவது சுகமான வேலை. போட்ட புள்ளியை நம்பினால்தான் தலைவலி. படிவமும் கையுமாகப் படியேறி இறங்கியவர்களே, உங்களுக்குத் தெரியாததா? பல்கலைக்கழக விடுமுறையில், கண்டிக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் (பெயர் வேண்டாம், திரும்ப அங்கே தலைகாட்ட வேண்டும்) மூன்று தெருக்களின் தண்ணீர் விநியோகத்தை ஒப்பிட நகரசபை என்னை அனுப்பியது. புள்ளியில் கடைசியாக வரும் தெருவுக்குப் புதுக் குழாய்.

பத்துக்குப் பத்து

முறைப்பாட்டுப் புத்தகத்தில் மேட்டுத்தெருவுக்குப் பக்கம் பக்கமாகக் குறை, இன்னொரு தெருவுக்கு அரைப் பக்கம். கோப்பிச் சந்துக்கு ஒன்றுகூட இல்லை. அதனால் அதற்கு முழுப் புள்ளி! வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட்ட காலத்தில் அதன் மூட்டைகளை இறக்கிய இடமாம். குழாயும் அந்தக் காலத்ததுதான் போலிருக்கிறது. அதன் வாயில் சிலந்தி குடியிருந்தது. ஆற்றிலிருந்து குடத்தோடு ஏறி வந்த செல்வியக்காவிடம், "தண்ணீரில் உங்கள் சந்துதான் முதலிடம்" என்றேன்.

"அப்படிங்களா? அந்தப் பத்து மார்க்க இந்தக் கொடத்துல ஊத்துங்க, பாப்போம்!"

நல்ல சனம்

பிறகு ஏன் ஒருவரும் முறையிடவில்லை? படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழில் நிரப்பிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். திருப்பியது புத்தகத்தில் ஏறாது. எனக்கு வந்ததே கோபம்! தமிழும் இந்த நாட்டில் ஆட்சிமொழி என்று அலுவலகக் கவுண்டரில் அரைமணி நேரம் வாதாடினேன். அங்கிருந்த சிங்கள உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"தமிழ் ஆக்கள் ரொம்ப நல்லம் மிஸ். ஒரு முறைப்பாடும் இல்ல."

போட்டி

மறுநாள் சந்து முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் கதிரையில் உட்கார்ந்தேன். "எழுதுங்க மகள், தேத்தண்ணி வருது" என்றார் அவர். வீட்டுக்கு ஒரு முறைப்பாடு, எல்லாம் சிங்களத்தில். நான் எழுத, நானா பிழை திருத்த, செல்வியக்கா ஆட்களைப் பிடித்து வந்து கையெழுத்து வாங்கினார். அளப்பவளே அளவை மாற்றலாமா என்று கேட்காதீர்கள். சிலந்தியை நான் வைக்கவில்லை.

விஷயம் மேட்டுத்தெருவுக்கு எட்டிவிட்டது. குழாய் கைநழுவிப் போகும் பயத்தில் அங்கே ஒரு கனவான், கார் கழுவிய ஈரக் கையோடு வந்து, தண்ணீர் அதிகக் குளிர் என்று எழுதிக் கொடுத்தார். ஆனாலும் முறைப்பாடுகள் சந்தில்தான் அதிகம் என்பதால், புள்ளியில் அதுதான் கடைசியாக வந்தது. குழாய் சந்துக்கே என்று முடிவாயிற்று. கையொப்பமிட்ட மேலதிகாரி என்னைக் கவலையோடு பார்த்தார்.

"போன கிழமை வரைக்கும் நல்லா இருந்த சந்து, பிள்ளை. நீங்க போய் என்ன செஞ்சீங்க?"

ஆக, ஒரு தெருவின் தரத்தை ஒரே வாரத்தில் கெடுத்து அதற்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தவள் என்று என்னைப் பற்றி நீங்கள் தாராளமாக முறையிடலாம், சிங்களத்தில் மட்டும்.