வால்வை மூடலாம் என்று சொன்னவர்

ரஹ்மத் அக்கா போய்விட்டார் என்று தென்காசியிலிருந்து அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது, நான் குற்றாலத்தில் எங்கள் விடுதி அலுவலகத்தில் இருந்தேன். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டே வந்தாராம்.

விடுதியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பணியாளர் பிரிவை அவர்தான் நடத்தினார். நான் அடுத்த மேசை. அறை துடைக்க வந்தாலும் கணக்கு எழுத வந்தாலும் நேர்காணலில் முதல் கேள்வி ஒன்றுதான்: "அடுப்படியில மிஞ்சுத எண்ணெய எங்க ஊத்துவீங்க?" பதில் தெரியாதவர்களையும் எடுத்துக்கொள்வார். "தெரியாதுன்னு சொல்லுதவங்களுக்குச் சொல்லிக்குடுத்திரலாம். தெரிஞ்ச மாதிரி நடிக்கவங்கள ஒண்ணும் செய்ய முடியாது" என்பார்.

சுற்றுச்சூழல் பயிற்சி என்றால் அதுவரை எங்களுக்குத் திரையில் படமும் ஒரு டீயும்தான். அவர் எல்லோரையும் கழிவுநீர்த் தொட்டிக்கே அழைத்துப் போனார். சுத்திகரித்த நீரைப் பார்த்தும் முகர்ந்தும் அது சரியா என்று சொல்லப் பழக்கினார். சரியில்லை என்றால் வெளியேறும் குழாயின் வால்வை யாரும் மூடலாம், அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்று மேலாளரிடம் எழுதி வாங்கினார்.

ஒரு சீசனில், அறைகளெல்லாம் நிரம்பியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், துப்புரவுப் பணியாளர் இசக்கியம்மாள் அந்த வால்வை மூடிவிட்டார். தொட்டி நிரம்பிவிடுமென்று அறைகளுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டியதாயிற்று. தலையில் சோப்போடு விருந்தினர்கள் வரவேற்பறைக்கு வந்து சத்தம் போட்டார்கள்.

"கறுப்பால்லா வந்துச்சு. கீழ வயலுக்குத்தான போகுது" என்றார் இசக்கியம்மாள்.

மேலாளர் அவரை அப்போதே கிளம்பச் சொன்னார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்லிக்குடுத்ததத்தான் அவ செஞ்சிருக்கா. அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க."

ஒரே மாதத்தில் இருவரையும் அனுப்பினார்கள். அக்காவின் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

பிறகு விடுதிக்குப் பசுமைச் சான்றிதழ் வேண்டியிருந்தது. நடக்காத பயிற்சிக்கு எல்லோர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சான்றிதழ் வந்தது, வரவேற்பறையில் தொங்குகிறது.

அதைக் கேள்விப்பட்ட அக்கா தென்காசி பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தபோது திட்டவில்லை. "எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த வயசுல வேற வேல கிடைக்காதுக்கா."

"எனக்கும் கிடைக்கல" என்றார். அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் இசக்கியம்மாள் நின்றிருந்தார். இப்போது புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அழுது முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அந்த வால்வ இப்ப யாரு பாக்கா சார்?"

யாரும் மூடிவிடக் கூடாதென்று அதன் கைப்பிடியையே கழற்றி எடுத்துவிட்டார்கள். "ஆள் இருக்கு" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் பழக்கிவிட்ட மூக்கு ஒன்றுதான். தண்ணீர் கெட்டுப்போகிற நாளில், மேசையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தினாலும் தெரிகிறது.