பியூலா திறக்காத வாசல்

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தொழிற்சாலை ஒன்றில் பியூலாவுக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. சென்னையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பியவள். கம்பெனியின் சர்வர்களைக் கிளவுடு எனும் இணைய வாடகை இடத்துக்கு மாற்றியது அவள்தான். வெளியிலிருந்து எவரும் அவற்றைத் தொட முடியாது. அவை வெளியே பேசுவதற்கும் ஒரே வாசல். அவள் அனுமதித்த இணைய முகவரிகளுக்கு மட்டும்தான் அதில் வழி.

அன்று காலை பதினொரு மணிக்கு அந்த வாசலே வினையாக வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர் லாரி லோடாகி நிற்கிறது. சரக்குப் பட்டியலோ, வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் இணையதளத்துக்குப் போகமாட்டேன் என்கிறது. பட்டியல் போகாமல் லாரி கிளம்பக்கூடாது. ஐந்து மணிக்குத் துறைமுகத்தில் சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மேனேஜர் முத்துவீரன் அவள் மேஜைக்கே வந்துவிட்டார். "எல்லாத்தையும் தொறந்து விடும்மா. பொறவு பூட்டிக்கலாம்."

"செத்த நேரம் குடுங்க சார்."

"எம்புட்டு நேரம்? கப்பல் உனக்காக நிக்குமா?"

வாசலில் தடுக்கப்பட்டவற்றின் பதிவை அவள் திறந்தாள். வெளிநாட்டுக் கம்பெனியின் தளம் முந்தின நாள் புது முகவரிக்கு மாறியிருந்தது. அதுதான் சிக்கல். ஆனால் அதற்குக் கீழே வேறொன்று கண்ணில் பட்டது. வருகைப்பதிவு சர்வர், முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கொரு தரம் எதையோ அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக. அறுநூறு தொழிலாளிகளின் கைரேகையும் ஆதார் எண்ணும் அதில்தான் இருந்தன.

பியூலா திரையை அவர் பக்கம் திருப்பினாள். "சார், இப்ப தொறந்தா அம்புட்டும் போயிரும். மூணு நாளா இதப் பாக்காம விட்டது என் தப்புதான்."

முத்துவீரன் திரையையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புது முகவரி உண்மையானதுதானா என்று அவள் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒருவர் மாற்றி ஒருவராக, ஐம்பது நிமிடம் காக்க வைத்தார்கள். உறுதியானதும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழிவிட்டாள். பட்டியல் போனது. லாரி பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பி, நாலே முக்காலுக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

வருகைப்பதிவு சர்வரை அவள் தனியாகப் பிரித்துவைத்தாள். அதை நிறுவிக்கொடுத்த கம்பெனிக்காரர்கள், தங்கள் பக்கம் தப்பில்லை என்று முதலில் மறுத்தார்கள். தாங்கள் அனுப்பிய அப்டேட்டில்தான் திருட்டு நிரல் இருந்தது என்று மறுநாள் ஒத்துக்கொண்டார்கள்.

லாரி போன அன்று சாயங்காலம் பஸ்ஸில், அதே தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தங்கபாய் கேட்டாள். "ஏட்டி, ரேகை வைக்க வேண்டாம், நோட்டுல கையெழுத்துப் போடுன்னுட்டாக. என்ன விசயம்?"

"எவனோ உங்க ரேகையத் திருடப் பாத்தான்க்கா."

தங்கபாய் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "போயிருச்சா?"

"போகலக்கா," என்றாள் பியூலா. "வாசல் பூட்டித்தான் கெடந்துச்சு."