இரண்டாவது சிடி முதலில்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை தராததையும் மறைக்கமாட்டேன். போன வாரம் திங்கட்கிழமை மாலை எங்கள் நெம்மேலித் தெருவில் எல்லா டிவியிலும் வெறும் புள்ளிகள். "இந்த சேகர் அண்ணனுக்குப் பொறுப்பே இல்லை" என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா வந்து, கேபிள் சேகர் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார் என்று சொன்னார்.

அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை ஏழு மணிக்குத் தன் சானலில் படம் போடுவார். பயங்கரப் படமாக இருந்தால், முதலில் அவர் கையால் எழுதிய அட்டை ஒன்று திரையில் தெரியும்: "லைட்டை அணைக்கவும்." நாமும் அணைப்போம்.

போன வருஷம் அந்த ஓநாய் மனிதன் படத்தைப் போட்டார். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசும், இரண்டு சிடி. அவசரத்தில் இரண்டாவதை முதலில் போட்டுவிட்டார். எடுத்தவுடன் ஒருவனுக்கு முதுகு வளைகிறது, நகம் நீள்கிறது. ஊரே சேர்ந்து அவனைச் சுட்டுக் கொல்கிறது. அதன் பிறகு முதல் சிடி. அதே ஆள் லாரி ஓட்டுகிறான், மகளுக்குத் தலை பின்னுகிறான். கடைசியில், ஓநாயிடம் கடிபட்ட கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவளோடு சாப்பிட உட்காருகிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

படம் போடத் தெரியாதவர் சானல் நடத்தக் கூடாது என்று அவருக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா பாப்பா, நாலு பக்கம் திட்டிக்கீற? பரீட்சையில இவ்ளோ எழுதுவியா?"

"முடிவு தெரிஞ்சப்புறம் எப்படிண்ணா பயம் வரும்?"

"ஓநாய் வந்தப்போ பயந்தியா?"

"இல்ல. ரப்பர் நகம்."

"பொண்ணுக்குத் தலை பின்னிகினு இருந்தானே, அப்போ?"

தலையாட்டினேன். அப்போதுதான் பயந்திருந்தேன். அந்த விரல்கள் என்னவாகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"அதான் படம்," என்றார். "மாறறது பெருசில்ல பாப்பா. மாறாம வூட்லயே இருந்துடலாம்னு பாக்குறான் பாரு, அங்கதான் பயமே கீது."

ஒருநாள் சரியான வரிசையில் போடுவதாகச் சொன்னார். பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்தினேன். "அடுத்த சனிக்கிழமை" என்பார். எழுதியதற்கு மன்னிப்பு மட்டும் நான் கேட்கவே இல்லை.

நேற்று சனிக்கிழமை. அவர் நினைவாக அந்தப் படத்தையே போட, அவர் மனைவி மலர் அக்கா என்னைக் கேபிள் அறைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு ஒழுங்கா போட்டுக் காட்டணும்னு சொல்லிகினே இருந்தாரு. எது மொதல்ல?"

இரண்டு சிடியும் என் கையில் இருந்தன. ஒரு வருஷமாக நான் கேட்டது இதைத்தான். சரியான வரிசையில் போட்டால், படம் முடியும்போது அவன் குண்டடிபட்டுக் கிடப்பான்.

"ரெண்டாவது முதல்லக்கா."

அக்கா அந்தச் சிடியை வாங்கிக்கொண்டார். "அப்போ கடைசியில வூட்டுக்கு வந்துடுவான்."

"ஆமாக்கா."

சின்னக் கேமராவின் முன்னால் அக்கா அண்ணனின் "லைட்டை அணைக்கவும்" அட்டையைப் பிடித்தார். பிறகு அதை என்னிடமே கொடுத்துவிட்டார். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கையெழுத்தும், அந்தத் தப்பான வரிசையும்தான். வாசலில் வந்து நின்று பார்த்தேன். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கை அணைத்தார்கள்.