மச்சாளுக்கு மூக்காகப் போன நாள்

என் சமையலறை யன்னலோரத்தில் வயிறு பெருத்த வைன் கோப்பை ஒன்று இருக்கிறது. கறிவேப்பிலைக் கொத்து வாடாமலிருக்க அதில்தான் தண்ணீர் ஊற்றி வைப்பேன். வருகிறவர்கள், "உதென்ன, வைன் கிளாசுக்குள்ளை கறிவேப்பிலை?" என்று கேட்பார்கள். அது என் கணவரின் தங்கை, என் மச்சாள், கொண்டுவந்தது. அவளுடையதைப் போல மணம் பிடிக்கிற மூக்கு எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லை என்று பெருமையடிப்பேன். அந்த மூக்கு ஒரு காலம் செத்துக் கிடந்ததை எல்லோருக்கும் சொல்வதில்லை.

ரொறன்ரோவின் நடுவில் ஒரு பெரிய உணவகத்தில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று தேர்ந்தெடுப்பது அவளுடைய வேலை. "பொம்பிளைப் பிள்ளைக்குக் குடிச்சுப் பாக்கிற உத்தியோகமோ?" என்று அவளைப் பெற்ற மாமி தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் வீட்டு ஆண்கள் கராஜுக்குள் நின்று சிவப்பு வைனில் ஐஸ் கட்டியும் சோடாவும் கலந்து குடிப்பதைக் கண்டால், மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பெருந்தொற்றுக் காலத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மணமும் கூடவே போய்விட்டது. மாதங்கள் கடந்தும் திரும்பவில்லை. தன் பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு ஒன்றும் தெரியாமல் அழுதாள். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும் வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். புதிய மெனுவில் வருகிற ஆட்டுத்தொடைக்கு ஒரு மெர்லோ சிவப்பு வைன் தேர்ந்து வா, மிச்சத்தைப் பிறகு கதைப்போம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"மச்சாள், ஒருக்கா எனக்கு மூக்காய் வாங்கோ."

ஈரி ஏரிக்குள் இருக்கும் பீலித் தீவுக்குப் போனோம். பாதிநாள் கார் ஓட்டம், அதன்பிறகு கப்பல். ஆழமில்லாத அந்த ஏரி கோடை வெயிலை வாங்கி வைத்திருந்து, குளிர் தொடங்கும்போது மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்குமாம். அதனால் குளிருக்குப் பயந்த மெர்லோத் திராட்சையும் அங்கே நின்று நிதானமாகப் பழுக்கிறது. காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வந்த நாள் முதல் பனியென்றும் குளிரென்றும் நான் வைதுகொண்டிருந்த இந்த நாட்டுக்குள், கறுத்துத் திரண்ட முந்திரிகைக் குலைகள் தொங்கும் ஒரு தீவு இருந்திருக்கிறது.

அங்கே வைன் செய்கிற ஒரு தோட்டத்தில், உள்ளே இருத்தி வரிசையாகக் கோப்பைகள் வைத்தார்கள். நான் முகர்ந்துவிட்டு, "நல்ல வாசம்" என்றேன். "நல்லதோ கெட்டதோ நான் பாக்கிறன். என்ன மணக்குதெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். ருசி பார்த்ததும் துப்புவதற்கு ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். கொடுத்ததை நாலு பேர் முன்னால் துப்புவது எங்கள் வளர்ப்பில் இல்லை. எல்லாவற்றையும் மரியாதையாக விழுங்கினேன். நாலாவதுக்குப் பிறகு தண்ணீரும் நாவற்பழமாகவே மணத்தது. "இனி நீங்கள் சொல்லுறது ஒண்டையும் நம்பேலாது" என்று என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, முதலில் சொன்னவற்றை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கோப்பைக்கு நான் சொன்னது இதுதான்: நாவற்பழம், பிறகு கோப்பித்தூள், அடியில் எங்கள் அப்பாவின் புகையிலைக் கொட்டில். அவள் அதைத் திரும்ப வாங்கி, வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "உதுதான்" என்றாள். "கடைவாயிலை மெத்தெண்டு பிடிக்குது. ஆட்டுக் கொழுப்புக்கு இவ்வளவு பிடி காணும்."

"எங்கடை ஆட்டுக் கறிக்கு?"

"மிளகாய்த்தூளைக் குறைச்சால் ஒத்துப்போகும். உறைப்புக் கூடினால் வைன் கைக்கும். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்புக்கு இன்னும் வடிவாய்ப் போகும். இறாலோடை வேண்டாம்."

மணமே தெரியாத ஒருத்தி, நாக்கில் கிடைத்த கொஞ்சத்தையும் என் கோணல்மாணல் சொற்களையும் சேர்த்து, முழு வைனையும் தனக்குள் எழுப்பிவிட்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விழுங்கியதால் வந்ததல்ல அது. முதலாளி ஆட்டுத்தொடையோடு அதைக் குடித்துப் பார்த்து, மறுபேச்சில்லாமல் வாங்கினார். வேலை தப்பியது, மூக்குத்தான் வரவில்லை.

அந்த மார்கழியில் அதே வைன் போத்தலும் இரண்டு கோப்பைகளுமாக ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் சொன்ன பொரித்த குழம்பைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் வதங்குகையில் மாமியின் தொலைபேசி, அதோடு அறைக்குள் போய்விட்டேன். மாமி தொடங்கினால் லேசில் முடிக்கமாட்டார். முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"மச்சாள், வெங்காயம் கருகுது."

"ஓம், ஓம், பாக்கிறன்" என்று ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பினால், மச்சாள் வாயைப் பொத்தியபடி வாசலில் நிற்கிறாள். வந்து, புகைகிற சட்டிக்கு மேலே முகத்தைப் பிடித்து மூச்சை இழுத்தாள். இருமினாள், அழுதாள், திரும்பவும் இழுத்தாள். கருகலைக் கொட்ட என்னை விடவில்லை. போத்தலைத் திறந்து ஊற்றி முகர்ந்துவிட்டு, "இது இன்னும் வரேல்லை" என்றாள். "வரட்டும். கருகல் வந்திட்டுதுதானே."

பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது, பிள்ளையின் தலை மணமும் வந்தது. இரண்டு கோப்பைகளில் ஒன்று உடைந்துவிட்டது, மற்றதில் கறிவேப்பிலை நிற்கிறது. மச்சாள் வருகிற நாட்களில் வெங்காயத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அடிப்பிடிக்க விடுவேன். அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில், அகப்பையைக் கையில் பிடித்தபடி, முன்னறைக்குக் காது கொடுத்து நிற்பேன்.

"மச்சாள், கருகுது."

"ஓம், பாக்கிறன்."