பந்து இருக்கும் இடத்தில்தான் ஆட்டம்

“குளிர்ல வளர்ந்தவங்க, அதான் அப்புத்தளைக்காரங்களுக்கு நெஞ்சுல பலம் அதிகம்னு சொன்னாளா அவ? இப்படி வந்து உக்காரு தங்கச்சி. கடைசி லயத்து வீட்டுல இருக்கிறவளுக்கு என்ன தெரியும்? அவ இந்தத் தோட்டத்துக்கு வந்து நாலு வருசம்கூட ஆகல. பந்தாட்டத்தப் பத்தி என்கிட்டல்ல கேக்கணும்!”

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் மெய். அந்த நாளில் மலைமேல் இருந்த அப்புத்தளைத் தோட்டங்களை, கீழே கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களால் ஜெயிக்க முடிந்ததே இல்லை. நான் மேலே பிறந்து கீழே வாக்கப்பட்டவள். இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றிருக்கிறேன். அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

காரணம் குளிர் இல்லை. மேலே ஆறு தேயிலைத் தோட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு தோட்டத்தில் காலையில் தப்பு அடித்தால் அடுத்த தோட்டத்து நாய் குரைக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது இரண்டு தோட்டங்கள் மோதும். தோற்றுவிட்டு வந்தவனைத் திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கள் பொம்பளைகள் சும்மா விடமாட்டார்கள். “என்னண்ணே, கால்ல முள்ளா, பந்தப் பாத்தா பயமா?” என்று ஒருத்தி கேட்பாள். “விடுடி, அண்ணனுக்கு மதினி சோறு போடலயாம்” என்பாள் இன்னொருத்தி. அந்த வாய்க்குப் பயந்தே அவர்கள் ஓடக் கற்றுக்கொண்டார்கள்.

கீழே அப்படி இல்லை. இருந்தது மூன்று தோட்டங்கள்தான். நடுவில் ஒரு ஆறு. மழை பிடித்தால் மாதக்கணக்கில் அதைத் தாண்ட முடியாது. எங்கள் தோட்டத்து ஆட்கள் மற்ற இரண்டு தோட்டங்களையே திரும்பத் திரும்ப ஜெயித்துவிட்டுத் தங்களைப் புலி என்று நினைத்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை மேல்பக்கத்தில் முதலாக நிற்கும் தோட்டத்தோடு ஆட மலையேறுவார்கள். ஐந்தாறு கோல் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். ஒரு வருஷம் மூடுபனி இறங்கி, பந்து உள்ளே போனதே தெரியாமல் என் வீட்டுக்காரர் கோல் கம்புகளுக்கு நடுவே குனிந்து நின்றுகொண்டிருந்தார். எதிராளி வந்து முதுகில் தட்டி, “அண்ணே, கோல் விழுந்து ரொம்ப நேரமாச்சு” என்றானாம். கோல் காப்பது என் வீட்டுக்காரர்தான். சொன்னேனோ இல்லையோ.

ஏன் எப்போதும் மலைமேலேயே ஆட்டம் என்று கேட்கிறாயா? அதுதான் வழக்கம். மற்ற ஆட்டமெல்லாம் துணிப் பந்தில்தான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு தோல் பந்து. துரைமார் விளையாடிக் கழித்துப் போட்டது. பண்டாரவளையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டது. ஜெயித்தவர்கள் அந்தப் பந்தை வைத்துக்கொள்வார்கள். பந்து இருக்கும் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும் அந்த மேடான இடத்தில், அடுத்த ஆட்டம் நடக்கும். மேலே இருக்கிறவர்களே ஜெயித்துக்கொண்டிருந்ததால் பந்து கீழே இறங்கவே இல்லை.

அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மேலே முதலாக நின்ற தோட்டம் நான் பிறந்த தோட்டம். அங்கே என் அம்மா அண்ணனோடு இருந்தாள். மற்ற நாளில் நான் தனியாக மலையேறினால், தோட்டத்தை விட்டு ஓடுகிறவள் என்று வழியிலேயே பிடித்துவிடுவார்கள். ஆட்டத்துக்குப் போகும்போது மட்டும் துரை கூட்டத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். சமைக்க நாலு பொம்பளைகள் கூடப் போகலாம். வருஷத்துக்கு இரண்டு முறை நான் அம்மாவைப் பார்த்தது அப்படித்தான். எங்கள் ஆட்கள் தோற்கத் தோற்க எனக்கு அம்மா முகம் கிடைத்தது.

பிறகு ஒரு கார்த்திகையில் எல்லாம் மாறியது. மேல்தோட்டத்துக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு கங்காணிகளுக்குள் சண்டை. மாலை கிடைக்காதவர் அன்றைக்கே தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு, தன் ஆட்கள் முப்பது பேரோடு எங்கள் தோட்டத்துக்கு இறங்கி வந்துவிட்டார். கங்காணி நகர்ந்தால் அவர் ஆட்கள் சட்டி பானையோடு பின்னால் நடக்க வேண்டியதுதான். அந்த முப்பது பேரில் ஏழு பேர் பந்தாடுகிறவர்கள். மலைமேல் இருந்த பலம் ஒரே பகலில் கால் நடையாகக் கீழே வந்து சேர்ந்தது. இதைத்தான் நீ கடைசி லயத்துக்காரியிடம் சொல்ல வேண்டும். பலம் மண்ணிலா இருக்கிறது?

அடுத்த பொங்கலுக்கு மேலே போனோம். அம்மா லயத்து வாசலில் சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்காரர் பேர் எழுதும் செக்ரோலில் அவள் பேரையும் வெட்டிவிட்டார்கள்.

“தீவாளிக்கு வருவியா?” என்றாள்.

“வருவேன்மா.”

“நீங்க தோத்தாத்தானே வருவ? அந்தக் கங்காணியும் கீழ எறங்கிட்டாரு.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒம் புருசன்கிட்ட சொல்லு. ஒரு ரெண்டு பந்த விடச் சொல்லு. அதுக்கப்புறம் நா கேக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு அப்புறம் அவள் இருக்கமாட்டாள் என்பது அந்தக் கால்களைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

களத்துக்குப் போய் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். “என்னங்க, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“பத்துப் பேரு முன்னால ஓடுறானுங்க புள்ள” என்றார். “பின்னால ஒருத்தன் காப்பாத்துவான்னு நம்பித்தான் ஓடுறானுங்க. நா எப்படி விடுவேன்?”

எங்கள் பக்கம் ஒரு கோல் போட்டார்கள். வந்து சேர்ந்த ஏழு பேரில் ஒருவன் போட்டது. பொழுது சாயும் நேரத்தில் என் அண்ணன் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவே யாரும் இல்லை. என் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, ‘போடு அண்ணே’ என்று மனசுக்குள் கத்தினேன். அண்ணன் ஓங்கி அடித்தார். என் வீட்டுக்காரர் பக்கவாட்டில் விழுந்து, பிள்ளையை அணைக்கிற மாதிரி அந்தப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கங்காணியார் கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். “பந்து கீழ வருதுடா! தீவாளிக்கு நம்ம களத்துல ஆட்டம்!”

அண்ணன் வீட்டுக்காரரைத் தூக்கி நிறுத்தினார். “மச்சான், தங்கச்சியக் குடுத்த எடத்துல பந்தையும் குடுத்துட்டேன். வேற என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை.

கீழே வந்து எட்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. சோற்றை வைப்பேன், நகர்ந்துவிடுவேன். ஒன்பதாம் நாள் அவராகவே கங்காணியாரிடம் போய், தீபாவளி ஆட்டத்தை மேலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறார். கங்காணியாருக்கு வந்ததே கோபம்! “மாலை போடாம அனுப்புன மண்ணுக்கு நா பந்தத் தூக்கிட்டுப் போகணுமா? போய்ப் புல்லு வெட்டுய்யா” என்றாராம். அதற்கப்புறம் நானும் ஆசையை விட்டுவிட்டேன். அங்கிருந்து யாராவது வந்தால் “அம்மா இருக்காளா?” என்று கேட்பேன். “இருக்காங்க” என்பார்கள். அவ்வளவுதான்.

தீபாவளி வந்தது. மேல்தோட்டத்து ஆட்கள் காலை பத்து மணிக்கே வந்துவிடுவார்கள் என்று களத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆகியும் காணோம். “பயந்துட்டானுங்க” என்று எங்கள் பையன்கள் கத்தினார்கள். ஒரு மணி வாக்கில் பாதை வளைவில் நடந்து வந்தார்கள். வரிசை வரிசையாக இல்லை, நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு நீளக் கம்பு. கம்பில் கம்பளி கட்டித் தொங்கியது. முன்னால் தோள் கொடுத்திருந்தது அண்ணன்.

ஏதோ சாவு என்று நினைத்துப் பாதைக்கு ஓடினேன். அப்போது கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது.

“அம்மாவக் கூட்டிவர துரைகிட்ட என்னான்னு சொன்னீங்க?” என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“ஆட்டம் பாக்க வாறாங்கன்னு சொன்னோம்” என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. “ரெண்டு நாளுக்குத் துண்டு. பேரு வெட்டுன கெழவிய அதுக்கப்புறம் யாரு தேடப் போறா? நீ வச்சுக்க.”

விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார்கள். பதினொரு பேரும் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கியிருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக் களத்தில் இறங்கியபோது ஒருவனாலும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தோள் வீங்கிச் சிவந்து கிடந்தது. நாலு கோல் வாங்கினார்கள். மேல்பக்கத்துக்காரர்கள் அவ்வளவு மோசமாக ஆடி யாரும் பார்த்ததில்லை.

அம்மாவைக் கோல் கம்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். பந்து அந்தப் பக்கம் வரவே இல்லை. அதனால் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே இருந்தாள். “என்ன மாப்ள, சும்மா நிக்கிறீங்க? அன்னிக்கு மாதிரி ஒண்ணு விழுந்து புடிங்க பாப்போம்.”

“வந்தாத்தானே அத்த புடிக்க?” என்றார் அவர். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர்கள் மலையேறினார்கள். பந்து இல்லை, அம்மாவும் இல்லை, வெறும் கம்பு. வீட்டுக்காரர் அந்தக் கம்பை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு வளைவு வரைக்கும் கூடப் போனார்.

அம்மா என்னோடு முப்பத்தாறு நாள் இருந்தாள். தினமும் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். கார்த்திகையில் என் மடியிலேயே போனாள். அந்த வருஷத்திலிருந்து கீழ்ப்பக்கம்தான் பலம் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நாலு கோலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதில்லை. அன்றைக்கு அந்தப் பதினொரு பேரும் என்ன தூக்கி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படித் தூக்கிவந்து தோற்றவர்களை நான் எப்படிப் பலமில்லாதவர்கள் என்று...

“அடியாத்தே, மழ எறங்குது பாரு! வெளியில வெறகு முழுசும் கெடக்கு. தங்கச்சி, அந்தப் பக்கத்துக் கட்டப் புடி, சீக்கிரம்!”